கார்லண்டுக்குக் கறி வேண்டுமாம்

"கறி சாப்பிடணும்போல இருக்கு" என்றான் கார்லண்ட்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஆர்லீனின் கை பாதியில் நின்றது. பக்கத்து டிரெய்லர் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அதில்தான் ஏதோ பேசுகிறார்களோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"கறி. ஃப்ரீசர்ல ஒரு தடிமனான துண்டு கெடக்குல்ல, அது. வெளிய, நம்ம கிரில்ல போட்டு, ஓரமெல்லாம் கருகற மாதிரி. உப்பு மட்டும் போதும். வேற எதையும் போட்டுக் கெடுத்துடாத."

அட கடவுளே! புற்றுநோய்க்குச் சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து இந்த மனுஷன் வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்டதே இல்லை. அவள்தான் கெஞ்சுவாள், கொஞ்சுவாள், அப்புறம் கத்துவாள். டப்பாவில் வரும் சத்துப் பாலை ஸ்ட்ரா வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அவளுக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெரும்பாலும் அதுவும் வெளியே வந்துவிடும்.

யூமா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான், இந்த உடம்பு தாங்காது. நிறுத்தினால் அப்புறம் என்ன என்று ஆர்லீன் கேட்கவில்லை. அதைக் கேட்டு வேறு தெரிந்துகொள்ள வேண்டுமா? திரும்பி வரும் வழியெல்லாம் கார்லண்ட் கள்ளிச் செடிகளைப் பார்த்தபடி வந்தான். அவள் வண்டியை ஓட்டினாள்.

அப்படிப்பட்டவன் இப்போது கறி கேட்கிறான்! ஆர்லீன் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். இந்த ஆசைக்கு எவ்வளவு நேரம் ஆயுசு என்று யாருக்குத் தெரியும்? கால் மணியோ அரை மணியோ. போன மாதம் ஒரு நாள் பீச் பழம் என்று முனகினான். அவள் டப்பாவைத் திறந்து கிண்ணத்தில் போட்டு எடுத்து வருவதற்குள், வேண்டாம், கொண்டு போ என்றுவிட்டான்.

"இதோ ஆச்சு. நீ எழுந்திரிக்காத. ஜன்னலத் தெறந்து வைக்கறேன், வாசனை வரும்."

"அதுக்குத்தான் கேட்டேன்."

கறித் துண்டைக் கவரோடு வெந்நீரில் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். டிரெய்லருக்குள் நல்ல அடுப்பு இருக்கிறதே, அதில் வாட்டினால் ஆகாதா என்றால், ஆகாது. உள்ளே ஒரு முட்டை பொரித்தால்கூட அந்த வாடை அவனுக்குக் குமட்டும். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் ஓங்கரிப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவள் உள்ளே அடுப்பைப் பற்றவைப்பதில்லை. உப்பு பிஸ்கட்டும் வேர்க்கடலை வெண்ணெயும்தான் அவளுக்குச் சாப்பாடு, அதுவும் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து.

அக்கம்பக்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நூடுல்ஸும் சீஸும் கோழியும் போட்டுச் சுட்டு, மேலே அலுமினியத் தாள் மூடி, வேளைக்கு ஒரு தட்டு கொண்டு வந்தார்கள். ஒரு நாள் கார்லண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன செத்தா போயிட்டேன்? சாவு வீட்டுக்குக் கொண்டு வர்ற மாதிரி ஆளாளுக்குத் தூக்கிட்டு வர்றாங்க! இனிமே ஒருத்தர் வீட்டுத் தட்டும் இந்தப் படியேறக் கூடாது" என்று சொல்லிவிட்டான். நம்ம கிரில் என்று இப்போது அழுத்திச் சொன்னதற்கு அதுதான் அர்த்தம்.

கிரில் பெஞ்சுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன கிரில், கம்பிமேல் கறி வாட்டுகிற கேஸ் அடுப்பு. பக்கத்தில் திருகி மாட்டும் பச்சை நிறச் சின்ன சிலிண்டர், பாட்டில் அளவுதான் இருக்கும். ஆர்லீன் அதை எடுத்துக் காதருகே ஆட்டினாள். காலி. பெஞ்சுக்கு அடியில் இன்னும் மூன்று கிடந்தன, மூன்றும் காலி. பக்கத்து ஊரான க்வார்ட்சைட்டுக்குப் போய் வாங்கி வரலாம். கரடுமுரடான மண்பாதையில் போய் வருவதற்குள் கார்லண்டின் பசி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்போதுதான் அந்த ரப்பர் ஹோஸ் ஞாபகம் வந்தது. வடக்கே பனி கொட்டுவதற்கு முன்னால், இந்தப் பாலைவனத்துக்குக் கிளம்பும்போது கார்லண்ட் வாங்கிப் போட்டது. "இந்த வருஷம் பச்சை பாட்டிலுக்கு ஒரு கும்பிடு. டிரெய்லரோட பெரிய சிலிண்டர்லேர்ந்தே கிரில்லுக்கு நேரா லைன் குடுத்துடறேன் பாரு" என்று குஷியாகச் சொன்னான். வந்து சேர்ந்த பத்தாம் நாளே வயிற்றுவலி ஆரம்பித்துவிட்டது. ஹோஸ் பை பிரிக்காமல் கருவிப் பெட்டிக்குள் கிடந்தது.

இங்கே குளிர்காலத்துக்கு டிரெய்லரை இழுத்து வந்து தங்கும் அத்தனை ஜோடிகளுக்கும் ஒரே ஏற்பாடுதான். டிரெய்லர் கதவுக்கு உள்ளே பெண்டாட்டி ராஜ்யம், வெளியே புருஷன் ராஜ்யம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பாட்டரி, சிலிண்டர், கிரில் எல்லாம் ஆண்பிள்ளைகள் சமாச்சாரம். கிரில் பக்கம் ஆர்லீன் போனால், "ஏய், தூரப் போ, சூடு" என்று கரண்டியை ஆட்டித் துரத்துவான் கார்லண்ட். அவளும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். அந்தச் சொகுசு இன்றைக்கு அவள் தலையில் வந்து விடிந்தது.

பையைப் பிரித்தாள். ஹோஸின் ஒரு முனை டிரெய்லரின் இடுப்பில் இருக்கும் கேஸ் வாய்க்கு. அங்கே ஒரு வளையம் இருந்தது. பின்னுக்கு இழுத்து முனையைத் தள்ளினாள், 'டக்' என்று பிடித்துக்கொண்டது. இன்னொரு முனையில் பச்சை பாட்டிலின் கழுத்து மாதிரியே ஒரு பித்தளைத் தலை. பாட்டில் மாட்டுகிற இடத்தில் வைத்துத் திருகினால் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. பையின் அடியில் ஏதோ இன்னொரு பித்தளைத் துண்டு உருண்டது, அதை அவள் கவனிக்கவில்லை. அட, இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் இந்த ஆம்பிளைகள் அத்தனை அலட்டல் அலட்டினார்கள்?

சிலிண்டரைத் திறந்தாள். கேஸ் வாயின் கைப்பிடியைத் திருப்பினாள். கிரில்லின் குமிழைத் திருகிப் பொத்தானை அழுத்தினாள். பற்றிக்கொண்டது.

பற்றிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டைகளில் நீலமாக ஏதோ நின்றது, குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. குமிழைக் கடைசிவரை திருகினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூடியை மூடிவிட்டுக் காத்திருந்தாள். திறந்து கையை நீட்டினாள். வெயிலில் கிடந்த தகரம்கூட இதைவிடச் சுடும்.

"ஆச்சா?" ஜன்னலிலிருந்து கார்லண்டின் குரல்.

"சூடாயிட்டு இருக்கு, கண்ணு!"

மூடியைச் சத்தமில்லாமல் மறுபடி மூடினாள்.

இந்தப் பாலைவனத்தில் ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் போதும், மூக்கில் வேர்த்த மாதிரி நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். பெண்பிள்ளை ஒருத்தி கிரில்லோடு மல்லுக்கட்டுகிறாள் என்றால் கேட்க வேண்டுமா! முதலில் டெல்மர் வந்தான். மினசோட்டாக்காரன், சிமெண்ட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், கையில் பீர். அவன் பின்னாலேயே வெண்டல், ஆரிகானில் கூரை போடும் வேலை பார்த்தவன், மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டு வந்தான்.

"என்ன ஆர்லீன், கிரில் ஏதாச்சும் தகராறு பண்ணுதா?"

"எரியுது, சூடாக மாட்டேங்குது. டெல்மர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம் பாருங்க. அவர் கறி வேணும்னு கேட்டிருக்கார்."

"கார்லண்டா? அவனாவே கேட்டானா?"

"அவராவே."

டெல்மர் பீரைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கும் அது எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரியும். "சிலிண்டர எப்பிடித் தெறந்த, மெதுவாவா, சட்டுனா?"

"தெறந்தேன், அவ்வளவுதான்."

"அதான். சட்டுனு தெறந்தா உள்ள ஒரு தடுப்பு விழுந்து பூட்டிக்கும். கேஸ் லீக்னு நெனச்சுக்கும். எல்லாத்தையும் மூடு. கொஞ்சம் பொறுத்து, பூனை நடக்கற மாதிரி தெறக்கணும்."

மூடினார்கள். பொறுத்தார்கள். டெல்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாகத் திறந்தான். பற்றவைத்தார்கள். அதே நீலம், அதே நோஞ்சான்.

"சிலந்தி" என்றான் வெண்டல் நாற்காலியிலிருந்து.

"என்ன சிலந்தி?"

"கேஸ் வாசனைன்னா சிலந்திக்கு உயிர். பர்னர் குழாய்க்குள்ள கூடு கட்டியிருக்கும். ஒரு கம்பி குடு, ஆர்லீன்."

"யோவ், சிலந்தி கட்டினா ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் எரியாது. இது எல்லா ஓட்டையிலயும் ஒரே மாதிரி எரியுது. கூரைல ஏறி இறங்கினவனுக்கு கேஸப் பத்தி என்ன தெரியும்?"

"சிமெண்ட் கலக்கினவனுக்கு ரொம்பத் தெரியுமோ?"

"சண்டை அப்புறம் போடுங்க!" என்று கத்தினாள் ஆர்லீன். துணி மாட்டும் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தாள். வெண்டல் பர்னரைக் கழற்றி, குத்தி, ஊதி, கண்ணில் வைத்துப் பார்த்தான். சிலந்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திரும்ப மாட்டினான். டெல்மர் ஓடிப்போய்த் தன் டிரெய்லரில் தேடி, லாந்தருக்கு வைத்திருந்த ஒரே ஒரு பச்சை பாட்டிலைக் கொண்டு வந்தான். ஆட்டிப் பார்த்தால் அதுவும் காலி. சிலிண்டரில் கேஸ் தீர்ந்திருக்கும் என்று வெண்டல் சொல்ல, இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தூக்கிப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று கீழே வைத்தார்கள்.

"ஆர்லீன்?" ஜன்னல் மறுபடி கேட்டது. "போட்டுட்டியா?"

"போட்டாச்சு, கண்ணு, இப்பதான் போட்டேன்!"

பொய் சொன்ன வாய் மூடுவதற்குள் உள்ளே ஓடிக் கறியை எடுத்து வந்து உப்பைத் தேய்த்துப் போட்டாள். போட்டதும் சத்தம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. கறி பேசாமல் கம்பிமேல் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் நிறம் மங்கி, மேலே வேர்த்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

"சத்தமே காணோமே?" என்றான் கார்லண்ட்.

ஆர்லீன் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன இருந்ததோ, டெல்மர் பதறிப்போய் ஜன்னல் பக்கமாக வாயைத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்றான். இடையிடையே "சட், சட்" என்று நாக்கைச் சொடுக்கியும் காட்டினான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டெல்மர், அது கறி சத்தம் இல்லடா. பாம்பு சத்தம்."

வெண்டல் சிரித்துவிட்டான். டெல்மருக்கும் அடக்க முடியவில்லை. ஆர்லீனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உப்புக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வண்டி ஓட்டும்போது அழவில்லை, பிக்கப்பில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோது அழவில்லை. ஒரு தகர அடுப்பு சூடாகவில்லை என்று இப்போது, இரண்டு ஆம்பிளைகள் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணில் உப்பு எரிந்தது. எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. இந்த ஹோஸை வாங்கினவன் மேல், மாட்டாமல் விட்டுவிட்டுப் படுத்தவன் மேல், ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிட்ட தன் மேல்.

"அழாத ஆர்லீன்" என்றான் டெல்மர் மெதுவாக. "கறியக் குடு. என் கிரில் சூடாத்தான் இருக்கு. நான் போட்டுக் கொண்டாறேன். அவனுக்கு எங்க தெரியப்போவுது?"

"தெரிஞ்சா தொட மாட்டார்."

"தெரியாமக் கொண்டாறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கமாப் போறேன்."

வேறு என்ன செய்வாள்? வெயில் சாய ஆரம்பித்திருந்தது. உள்ளே அந்த ஆசை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்தச் சாம்பல் நிறத் துண்டைத் தட்டில் எடுத்து வைத்து, டெல்மர் கையில் கொடுத்தாள்.

"எங்க போவுது அது?"

மூன்று பேரும் திரும்பினார்கள். டிரெய்லர் கதவு திறந்திருந்தது. கார்லண்ட் குளியல் அங்கியோடு மேல் படியில் நின்றான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான். அங்கிக்கு வெளியே தெரிந்த கால்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. டெல்மரும் வெண்டலும் அவனை வெளிச்சத்தில் பார்த்து வெகு நாளாகியிருந்தது. இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது, மறைக்கத் தெரியவில்லை.

"கார்லண்ட்! எதுக்கு எறங்கற? நான் கொண்டு வர மாட்டேனா?"

"நீ கொண்டு வர்றதுக்குள்ள மாடு கன்னு போட்டுடும்." ஒரு படி இறங்கினான். தாங்க ஓடிய டெல்மரைக் கண்ணாலேயே நிறுத்தினான். "தட்ட வச்சுட்டுத் தள்ளி நில்லு, பாம்பு."

இறங்கி வந்து வெண்டலின் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். வாங்கி முடித்ததும் கிரில்லைப் பார்த்தான், ஹோஸைப் பார்த்தான், பித்தளைத் தலை திருகியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"இத யார் மாட்டினது?"

"நான்தான்."

"இவனுங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாங்க?"

"சிலந்தி தேடினாங்க."

கார்லண்ட் கண்ணை மூடிக்கொண்டான். "ஆர்லீன், ரெண்டு ரெகுலேட்டர் போட்டிருக்க. டிரெய்லர் சிலிண்டர்கிட்ட முன்னாடியே ஒண்ணு இருக்கு. கேஸோட வேகத்த அடக்கித்தான் இந்த வாய்க்கே அனுப்புது. கிரில்ல தொங்குது பாரு அந்த உருண்டை, அது இன்னொண்ணு. பச்சை பாட்டிலோட முழு வேகத்துக்குச் செஞ்சது. அடங்கி வர்ற கேஸ அது இன்னொரு தடவை அடக்கினா என்ன வரும்? தண்ணியாப் போட்ட காப்பியில இன்னும் தண்ணி ஊத்தின கதைதான்."

"நானும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றான் வெண்டல்.

"நெனச்ச, நெனச்ச. சிலந்திகிட்ட கேட்டுட்டு நெனச்ச."

டெல்மர் ஸ்பேனரை எடுத்தான். "உருண்டையக் கழட்டணும், அவ்வளவுதானே? இதோ."

"கைய எடு" என்றான் கார்லண்ட். "அவ செய்யட்டும்."

"எதுக்கு அவள வேலை வாங்கற? நான் ஒரு நிமிஷத்துல..."

"அவ செய்யட்டும்னு சொன்னேன்."

ஆர்லீன் ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். கார்லண்டின் விரல்கள் மரத்துப்போனவை, சட்டைப் பொத்தானையே அவளைத்தான் போடச் சொல்வான். அடுத்தவனைத் தொடவிட ரோஷம், அதனால் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். முதலில் கைப்பிடியை மூடு. வளையத்தை இழு, ஹோஸ் கையோடு வரும். உருண்டையை இந்தப் பக்கம் திருகு. அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்! ஹோஸ் முனையில் இருக்கும் பித்தளைத் தலையும் வேண்டாம், அதையும் கழற்று. பையின் அடியில் ஒரு ஜாயிண்ட் இருக்கும், அதைக் கிரில்லில் முதலில் விரலால் திருகு, மரை ஏறியதும் ஸ்பேனர் போடு. ரொம்ப முறுக்காதே, கழுத்து முறிந்துவிடும். இப்போது ஹோஸை அதில் மாட்டு. சோப்புத் தண்ணீர் எங்கே?

ஜாயிண்டில் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுக் கைப்பிடியைத் திறந்தாள். ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு குமிழி வந்தது.

"பாத்தியா? அது வரக் கூடாது. இன்னும் அரைச் சுத்து."

அரைச் சுற்று முறுக்கினாள். மறுபடி தடவினாள். குமிழி வரவில்லை.

பொத்தானை அழுத்தியதும் 'பொஃப்' என்று பிடித்துக்கொண்டது பாருங்கள், ஆர்லீன் ஒரு அடி பின்னால் குதித்தாள். ஓட்டைக்கு ஓட்டை விரல்கடை உயரத்துக்கு நீலம். கம்பி தகதகத்தது. கறியைப் போட்டாள், அது அலறியது. டெல்மர் கை தட்டினான். ஆர்லீன் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டாள். கொழுப்பு சொட்டி நெருப்பு மேலே எழும்ப, ஓரமெல்லாம் கருகியது. அவன் கேட்ட மாதிரியே வந்தது.

டெல்மருக்கு நாசூக்கு தெரியும். வெண்டலின் தோளைத் தட்டி, வா, நம்ம பீர் சூடாகுது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான். நாற்காலியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று வெண்டல் தூரத்திலிருந்து சொன்னான்.

ஆர்லீன் அடுப்பை அணைத்தாள். கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டைக் கார்லண்டின் மடியில் வைத்தாள். முள்கரண்டியைக் கையில் கொடுத்தாள். அவன் ஒரு துண்டைக் குத்தினான். வாய்வரை கொண்டு போனான். அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டான். கரண்டி மறுபடி தட்டுக்கே வந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றான். "நீ சாப்பிடு."

"கார்லண்ட்."

"நெசமாவே நல்லா வந்திருக்கு."

"ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு. ஒனக்காகத்தானே..."

"அந்த ஹோஸக் கழட்டு, ஆர்லீன். எல்லாத்தையும் கழட்டி, பழையபடி உருண்டையப் போட்டு வை. அப்புறம் முதல்லேர்ந்து நீயே மாட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா பாத்துட்டு இருப்பேன்."

"எதுக்கு?"

"மாட்டு, சொல்றேன்."

"எதுக்குன்னு கேக்கறேன். அதான் மாட்டியாச்சே, எரியுதே, இன்னும் எதுக்குக் கழட்டி மாட்டணும்?"

அவன் ஸ்பேனரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆர்லீனுக்குப் புரிந்துவிட்டது.

"கறி கேட்டதே இதுக்குத்தானா? எனக்குப் பாடம் எடுக்கவா?"

"இல்ல. கேட்டப்ப நெசமாத்தான் கேட்டேன். நாக்கெல்லாம் ஊறிச்சு." மரத்துப்போன கையால் முழங்காலைத் தடவிக்கொண்டான். "அப்புறம் ஜன்னல் வழியா ஒன்னப் பாத்தேன். அந்த ரெண்டு முட்டாப் பசங்களுக்கும் நடுவுல நின்னு அழுதுட்டு இருந்த. அதுக்கப்புறம் பசி எங்க இருக்கும்? நாளைக்கு வாட்டர் ஹீட்டர் நின்னா யாரக் கேப்ப? குளிர்ல ஹீட்டர் அணைஞ்சா? இவனுங்க சிலந்தி தேடுவானுங்க, நீ நடுங்கிட்டு நிப்ப."

"நீ இருப்ப. நீ மாட்டுவ."

"ஆர்லீன்."

"நீ மாட்டுவன்னு சொல்றேன்ல!" கையிலிருந்த ஸ்பேனரை மண்ணில் விட்டெறிந்தாள். அது ஒரு கல்லில் பட்டு எங்கோ போய் விழுந்தது. டெல்மர் வீட்டு நாய் குரைத்தது. "ஒனக்கென்ன, எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு ஜாலியாப் போயிடலாம்னு பாக்கறியா? வியாழக்கிழமை அந்தம்மா எடை பாப்பா. அதுக்கு என்ன பண்றதா உத்தேசம்? அங்கியில கல்லப் போட்டுட்டுப் போவியா?"

கார்லண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் இருமினான். அவள் போய் ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி. மாட்டறேன். ஒரு தடவை மாட்டினா நீ ஒரு வாய் சாப்பிடணும்."

"இதென்ன, சந்தையில பேரம் பேசற மாதிரி?"

"ஆமா, பேரம்தான். ஒனக்கு வேணும்னா நான் மாட்டணும். எனக்கு வேணும்னா நீ சாப்பிடணும். இஷ்டம் இருந்தா சொல்லு, இல்லன்னா இந்த ஹோஸ நாய்க்குப் போட்டுடறேன்."

அவன் அவளையே பார்த்தான். "வெளிய வந்துட்டா?"

"வந்தா வரட்டும். பாலைவனம் எவ்ளோ பெருசு."

கழற்றினாள். கிரில் சூடாக இருந்தது, கரித்துணியைப் பிடித்துக்கொண்டு கழற்றினாள். பழையபடி உருண்டையைப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஓரிடத்தில் கார்லண்ட் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டான். அவளே தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். சோப்புத் தண்ணீர் தடவினாள். குமிழி இல்லை. பற்றவைத்துக் காட்டி அணைத்தாள்.

"வாயத் தெற."

ஒரு துண்டைப் போட்டாள். அவன் மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். ஆர்லீன் அவன் தொண்டையையே பார்த்திருந்தாள். விழுங்கினான். இரண்டு பேரும் காத்திருந்தார்கள், அசையாமல். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

இரண்டாவது தடவை சீக்கிரமாகவே மாட்டிவிட்டாள். இரண்டாவது துண்டும் இறங்கியது. அவன் நெற்றியில் வேர்த்திருந்தது, அவள் துடைத்துவிட்டாள்.

"போதும்" என்றான் கார்லண்ட். "ஒனக்கு வந்துடுச்சு. சுத்தமா மாட்டற. இனிமே கவலையில்ல."

ஆர்லீனுக்கு அந்தக் 'கவலையில்ல' பிடிக்கவே இல்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள். உருண்டையை எடுத்துக் கிரில்லில் திருகினாள். பித்தளைத் தலையை ஹோஸில் திருகினாள். இரண்டையும் சேர்த்து மாட்டிவிட்டுக் கைப்பிடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். அந்தப் பழைய நோஞ்சான் நீலம் வந்து நின்றது.

"அடடா" என்றாள். "மறந்தே போச்சு."

கார்லண்ட் கிரில்லைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "வேணும்னே பண்ற."

"நானா? வயசாயிடுச்சு, மூளைல எதுவும் நிக்க மாட்டேங்குது. நீதான் பொறுமையாச் சொல்லித் தரணும். ஒரு நாள்ல வராது போலிருக்கே. நாளைக்கும் சொல்லித் தரணும், நாளன்னைக்கும் சொல்லித் தரணும்."

அவன் கட்டை விரலால் கைப்பிடியைக் காட்டினான்.

"முதல்ல கேஸ மூடு" என்றான்.

மூடினாள். ஸ்பேனரை எடுத்தாள். தட்டில் இன்னும் நிறையக் கறி இருந்தது.